அக்கிக்குக் காவி மட்டும் போதுமா?

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வட்டாரத் தமிழர்களுக்கு "அக்கி" என்றதும் நினைவுக்கு வருவது மருந்து அல்ல; காவிதான். ஊரில் அக்கி கண்டவரை மண்பாண்டம் செய்பவரின் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். அவர் காவியைத் தண்ணீரில் குழைத்து, கொப்புளம் உள்ள இடத்தில் சிங்கம், நாய் போன்ற உருவங்களை எழுதுவார். இதற்கு "அக்கி எழுதுதல்" என்று பெயர்.

சில நாட்களில் கொப்புளம் வாடும். காவிதான் குணமாக்கியது என்று நம்புகிறார்கள். ஆனால் அக்கிக் கொப்புளம் எதுவும் பூசாவிட்டாலும் 2 முதல் 4 வாரங்களில் பெரும்பாலும் தானே ஆறிவிடும். சிலருக்கு ஆறாமல் நிற்பது வேறொன்று. அது நரம்பின் வலி!

பழைய அம்மைதான்

அக்கி உடல் சூட்டினால் வருவது அல்ல. சின்னம்மையை உண்டாக்கும் அதே வைரஸ் கிருமிதான் இதற்கும் காரணம். சிறு வயதில் அம்மை இறங்கிய பிறகும் அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக் கிடக்கிறது. பல ஆண்டுகள் கழித்து, வயதாலோ வேறு நோயாலோ எதிர்ப்புச் சக்தி குறையும்போது விழித்துக்கொண்டு, நரம்பு வழியாகத் தோலுக்கு வருகிறது. அந்த நரம்பு ஓடும் பாதையில் கொப்புளம் வரிசை கட்டும். அதனால்தான் அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டை போலத் தோன்றுகிறது.

இங்கிலாந்தில் சிரன்செஸ்டர் என்ற சிறு நகரத்தில் ஹோப் சிம்ப்சன் என்ற டாக்டர், தம்மிடம் வந்த அக்கி நோயாளிகளை 16 ஆண்டுகள் கவனித்து, 1965-ல் இந்த விளக்கத்தை வெளியிட்டார். பின்னால் வந்த ஆராய்ச்சிகள் அதை உறுதி செய்தன.

சட்டை உரசினாலும் எரியும்

கிருமி வரும் வழியில் நரம்பையே புண்ணாக்கிவிடுகிறது. தோல் ஆறிய பிறகும் அந்த நரம்பு வலியைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். சட்டை உரசினாலும் நெருப்புப் பட்டது போல எரியும். இது மாதக் கணக்கில், சிலருக்கு ஆண்டுக் கணக்கில் நீடிக்கும். வயது ஏற ஏற ஆபத்தும் ஏறும். மூட்டை சுமப்பவரானாலும், லோக்கல் ரயில் நெரிசலில் ஆபீஸ் போகும் குமாஸ்தாவானாலும், இரவுத் தூக்கம் போனால் மறுநாள் வேலையும் போச்சு. இந்த வலிக்குச் சாதாரண வலி மாத்திரை பெரும்பாலும் போதாது. நரம்பு வலிக்கென்று தனி மருந்துகள் உண்டு.

72 மணி நேரம்

அக்கிக்கு அசைக்ளோவிர் என்ற மாத்திரை இருக்கிறது. இதை உருவாக்கிய ஆராய்ச்சியில் முக்கிய பங்கு வகித்த கெர்ட்ரூட் எலியன் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி, 1988-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் டாக்டர் சொல்படி இதைத் தொடங்கினால் கிருமி பெருகுவது தடுக்கப்படும், புண் விரைவில் ஆறும், வலியும் தணியும். பின்னால் வரும் நரம்பு வலியை முழுவதும் தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் தாமதித்தால் மருந்தின் பலன் குறைந்துபோகும்.

ஊருக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று ரயில் ஏறினால், அந்த 72 மணி நேரத்தில் ஒரு பகுதி வண்டியிலேயே கழிந்துவிடும். சயான் லோகமான்ய திலக் மாநகராட்சி ஆஸ்பத்திரியோ தாராவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது!

இவற்றைக் கவனியுங்கள்

நெற்றியிலோ, கண் இமையிலோ, மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் பார்வைக்கே ஆபத்து. காதில் கொப்புளம் வந்து முகம் கோணினாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். 3 நாட்கள் கடந்துவிட்டாலும் போகாமல் இருக்கக் கூடாது.

ஒரே அறையில் குடும்பமே வாழும் வீடுகளில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. கொப்புள நீர் பட்டால், இதுவரை அம்மை போடாதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். புண் காய்ந்து பக்குத் தட்டும் வரை அதை மூடி வைக்க வேண்டும். கைக்குழந்தைகளும், அம்மை போடாத கர்ப்பிணிகளும் விலகி இருப்பது நல்லது.

50 வயது கடந்தவர்களுக்கு அக்கித் தடுப்பூசியும் 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. 2 ஊசிகள் போட வேண்டும், விலைதான் அதிகம்.

காவி எழுதிக்கொள்வது அவரவர் நம்பிக்கை. ஆனால் அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் கேஸ் பேப்பர் எடுத்துவிடுங்கள். காவிக்காக நரம்பு காத்திருக்காது!