பிடிக்காத பயிற்சியிலும் முத்தெடுக்கலாம்



சில மாதங்களுக்கு முன் மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வாடிய முகத்துடன் நின்றிருந்தார். வணிகவியல் பட்டதாரி. தூத்துக்குடியில் சரக்குப் பெட்டகங்களைக் கையாளும் ஒரு நிறுவனத்தில் ஓராண்டுத் தொழிற்பயிற்சி. ஐந்து மாதங்கள் முடிந்திருந்தன.

"ஹஜ்ரத், நாளையிலிருந்து நான் போகப்போவதில்லை. வெயிலில் நின்று பெட்டக எண்களை எழுதுவதற்காகவா வாப்பா கடல் கடந்து உழைத்து என்னைப் படிக்க வைத்தார்கள்?" என்றார்.

இக்கேள்வி இன்று நம் இல்லங்கள் பலவற்றில் எழுகிறது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் 2014-இல் திருத்தப்பட்ட பின், பொறியியல் படிக்காத பட்டதாரிகளுக்கும் பயிற்சியின் வாயில் திறந்தது. ஆனால் கிடைத்த பயிற்சியெல்லாம் மனத்திற்கு இனியதாய் அமைவதில்லை.

நம் கடற்கரையின் பழந்தொழிலைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு இறுதியாக நடந்தது 1961-இல். மூழ்கி எடுத்த சிப்பிகளைக் குவித்து, நாட்கணக்கில் அழுக விடுவார்கள். ஈக்களும் துர்நாற்றமும் சூழ்ந்திருக்க, அழுகியதைக் கழுவிக் கழுவி முத்தைத் தேடுவார்கள். பெரும்பாலான சிப்பிகளில் ஒன்றும் இராது. கிடைத்தவற்றைச் சல்லடைகளில் சலித்து அளவு பிரிப்பார்கள். அந்த நாற்றத்தை யார்தான் விரும்பியிருப்பார்? ஆயினும் முத்தெடுக்காமல் எழுந்து போனவர் உண்டா?

பிடிக்காத வேலையைப் பிடித்தது போல் நடிக்குமாறு அம்மாணவரிடம் நான் கூறவில்லை. "நாள்தோறும் ஒரே ஒரு 'ஏன்?' கேளுங்கள். கிடைத்த விடையை இரவில் எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து முடிவெடுக்கலாம்" என்றேன்.

இரு வாரங்களில் குறிப்பேட்டுடன் வந்தார். பெட்டக எண் என்பது நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் கொண்டது. இறுதி இலக்கம் ஏனையவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. எழுதுவதில் பிழை நேர்ந்தால் அது காட்டிக்கொடுக்கும். "ஐந்து மாதங்கள் இதைத்தான் எழுதினேன் ஹஜ்ரத், ஒருநாளும் கேட்கவில்லை!" என்றார். அக்கணக்கைக் கற்றுக்கொடுத்தவர், அதுவரை அவர் பேசியே இராத முதிய எழுத்தர்.

உடன் பணிபுரியும் மனிதர்களும் ஒரு செல்வமே. கணிதமேதை இராமானுஜன் 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அவருடைய மனமோ கணிதத்தில் இருந்தது. அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஆதரவளித்தார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை கிடைத்து, எழுத்தர் வேலையிலிருந்து அவர் விடுபட்டார். 1914-இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். சலிப்பு வேறு, அநீதி வேறு. உதவித்தொகையை மறுப்பதும், கற்றுத்தராமல் எடுபிடி வேலை மட்டும் வாங்குவதும் அநீதியே. தொழில் பழகுநர் ஆலோசகரின் அனுமதியின்றி மிகைநேர வேலை வாங்குவதற்கும் சட்டத்தில் இடமில்லை. ஒப்பந்தம் பற்றிய பிணக்குகளை அவரிடமே முறையிடலாம். அத்தகைய நிலையில் "பொறுத்துக்கொள்" என்று பிள்ளையின் வாயை அடைத்துவிடாதீர்கள்.

அம்மாணவர் ஓராண்டை நிறைவு செய்து சான்றிதழ் பெற்றுவிட்டார். அந்த வேலை இன்றும் அவருக்குப் பிடிக்கவில்லை. தமக்கு ஏற்றது கணக்குத் தணிக்கைத் துறையே என்று தெளிந்து, இப்போது அதற்குப் படித்து வருகிறார். இந்தத் தெளிவும் அந்த வெயிலில் கிடைத்த முத்துதானே!

உங்கள் வீட்டுப் பிள்ளை பயிற்சியிலிருந்து சோர்ந்து திரும்பினால், "பிடித்திருக்கிறதா?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "இன்று என்ன தெரிந்துகொண்டாய்?" என்றும் கேளுங்கள். இறைவன் அவர்தம் உழைப்பில் பரக்கத் அருள்வானாக!