ஆகஸ்ட் 28: ஒரு தேதி, நான்கு காட்சிகள்

1955. மிஸ்ஸிஸிப்பி மாநிலத்தில் மணி என்ற சிற்றூர். நள்ளிரவு தாண்டிய நேரம். விடுமுறைக்காக சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த 14 வயது கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லை இரு வெள்ளையர்கள் துப்பாக்கி முனையில் தூக்கிச் செல்கிறார்கள். கடையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் அவன் வாலாட்டினானாம். மூன்று நாள் கழித்து ஆற்றில் கிடைத்தது சிதைந்த உடல். சவப்பெட்டியை மூட மறுத்துவிட்டார் தாய் மேமி. ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள், பத்திரிகையில் படம் வந்தது, நாடே அதிர்ந்தது. ஆனால் வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி, சுமார் ஒரு மணி நேரத்தில் இருவரையும் விடுவித்தது. பிறகு ஒரு பத்திரிகையிடம் பணம் வாங்கிக்கொண்டு கொலையை ஒப்புக்கொண்டார்கள் அவர்கள். ஒரே குற்றத்துக்கு இரண்டாம் முறை விசாரணை கிடையாது என்பது சட்டம்.

சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே தேதி. கறுப்பர்களின் ஓட்டுரிமையைக் காக்கும் மசோதா செனட்டில். அதைத் தடுக்க இரவு 9 மணிக்குச் சற்று முன் எழுந்தார் தெற்கு கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட். மாநிலங்களின் தேர்தல் சட்டங்களையெல்லாம் வரிசையாகப் படித்தார். அவர் பேசி முடிக்க 24 மணி 18 நிமிடம் ஆயிற்று. மசோதா என்னவோ நிறைவேறிவிட்டது. அவருடைய சாதனை 2025 வரை நிலைத்தது. முறியடித்தவர் கோரி புக்கர் என்ற கறுப்பின செனட்டர்.

1963. வேலையும் விடுதலையும் கேட்டு வாஷிங்டனில் இரண்டரை லட்சம் பேர். கலவரம் வெடிக்கும் என்று பயந்த அரசு ராணுவத்தைத் தயாராக வைத்திருந்தது. மது விற்பனைக்குத் தடை. அசம்பாவிதம் ஏதுமில்லை. லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று மார்ட்டின் லூதர் கிங் தன் கனவைச் சொன்னார். கூட்டம் அமைதியாகக் கலைந்தது. அடுத்த ஆண்டு சிவில் உரிமைச் சட்டம் வந்தது.

2008. டென்வர் நகரின் கால்பந்து மைதானத்தில் 80,000 பேருக்கு மேல். ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக நியமனத்தை ஏற்கிறார் பராக் ஒபாமா. பெரிய கட்சி ஒன்றின் சார்பில் கறுப்பர் ஒருவர் நிற்பது அதுவே முதல் முறை. பேச்சின் முடிவில் கிங்கை நினைவுகூர்ந்தார், பெயரைக் குறிப்பிடாமலே.

சிறுவனின் பிணத்திலிருந்து வெள்ளை மாளிகையின் வாசல் வரை 53 ஆண்டுகள். காலண்டரை மட்டும் பார்த்தால் நேரான பாதை போலத்தான் தெரிகிறது.

அப்படி இல்லை. கும்பல் கொலையைத் தனிக் குற்றமாக்கும் மத்தியச் சட்டம் கோரி முதல் மசோதாவைக் கொண்டுவந்தவர் ஜார்ஜ் ஹென்றி வைட். அன்று நாடாளுமன்றத்தில் இருந்த ஒரே கறுப்பர். ஆண்டு 1900. அதற்குப் பிறகு எத்தனையோ முயற்சிகள், எல்லாம் தோற்றன. ஒபாமா எட்டு ஆண்டுகள் ஆண்டு முடித்தும் சட்டம் வரவில்லை. 2022 மார்ச்சில்தான் வந்தது.

அதற்கு வைத்த பெயர் எம்மெட் டில் சட்டம். மகனுக்கு நேர்ந்ததை ஊர் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த மேமி அதைப் பார்க்கவில்லை. அவர் இறந்தது 2003ல்.