மருந்தும் அதன் வேளையும்

சரீரத்தின் கடிகாரம்

புற்றுநோய்க்கு ஏற்றப்படும் கீமோதெரபி மருந்துகள், விரைந்து பெருகும் உயிரணுக்கள் எவையாயினும், நோயுற்றவை நலமுற்றவை என்ற பேதம் பாராமல் தாக்குவதனால்தான், வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் முடி உதிர்தலும் சிகிச்சையின் கூடவே வந்து ரோகியை வாட்டுகின்றன. ஆனால் வாயின் உட்சவ்விலும் எலும்பு மஜ்ஜையிலும் உள்ள நல்ல அணுக்கள் நாள் முழுவதும் ஒரே வேகத்தில் பெருகுவதில்லை. மூளையின் அடிப்பாகத்தில், ஹைபோதலாமஸ் என்னும் இடத்தில் அமைந்த ஒரு சிறு நரம்புக் கேந்திரம் பகலிரவை அறிந்து நடத்தும் ஒழுங்குக்கு ஏற்ப, ஒரு வேளை சுறுசுறுப்பாகவும் ஒரு வேளை அடங்கியும் இருக்கின்றன. அவை அடங்கியிருக்கும் வேளை பார்த்து மருந்தைச் செலுத்தினால் அதன் விஷம் குறையுமன்றோ என்ற எண்ணத்தில் பிறந்ததே காலமறிந்து செய்யும் சிகிச்சை.

விடியற்காலை நான்கு மணி

பெருங்குடல் புற்றுநோய்க்குத் தரப்படும் ஃபைவ்-எஃப்.யூ. என்ற மருந்தின் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும் டி.பி.டி. என்ற என்சைமின் வீரியம் பலரிடம் இரவில் மிகுந்து காணப்பட்டது. ஆகவே பிரான்சு தேசத்து மருத்துவர் ஃபிரான்சிஸ் லெவியும் அவருடைய சகாக்களும், நோய் உடலில் பரவிவிட்ட 186 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருந்துகளை ஒரே சீராகவும், மற்றவருக்கு நேரம் குறித்து இயங்கும் பம்பின் உதவியால், ஃபைவ்-எஃப்.யூ. விடியற்காலை நான்கு மணிக்கும் ஆக்சாலிபிளாட்டின் என்ற மற்றொரு மருந்து மாலை நான்கு மணிக்கும் உச்சம் அடையும்படியும் செலுத்தினார்கள். 1997-ல் முடிவு வெளியாயிற்று. கடுமையான வாய்ப்புண் முதற்பிரிவில் 76 சதவீதம், இரண்டாவதில் 14. கட்டி சுருங்கியவர்களோ முறையே 29 சதவீதமும் 51 சதவீதமும். உப்புப் பட்டாலே எரியும் வாயோடு, ஆறின கஞ்சியைக் கூட ஒவ்வொரு கரண்டியாக, கண்ணீர் வழிய விழுங்கும் ரோகியின் அருகில் இருந்தவர்களுக்கே இந்த எண்களின் அருமை விளங்கும்.

ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று

விஷயம் இத்துடன் முடிந்திருந்தால் இன்று எங்கும் இரவுச் சிகிச்சையே நடந்துகொண்டிருக்கும். 2006-ல் வெளியான, 564 பேரைக் கொண்ட ஐரோப்பிய ஆய்விலோ ஆயுள் மொத்தத்தில் கூடவில்லை. ஆண்கள் நன்மையடைய, பெண்கள் வழக்கமான சிகிச்சை பெற்ற பெண்களைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நாழிகை பொருந்தாது என்று காட்டிய இந்தத் தோல்வியையே முதல் வெற்றியைக் காட்டிலும் பெரிதாக நான் மதிக்கிறேன்.

வீட்டில் மாத்திரை உண்பவர்க்கு

உடலுக்குள் சென்று ஃபைவ்-எஃப்.யூ.வாகவே மாறும் கேபிசிடபின் மாத்திரையை உண்பவர்கள், இவற்றைப் படித்துவிட்டுத் தாமாகவே வேளையை மாற்றிவிட வேண்டா. காலையும் மாலையும், உணவு முடிந்த அரை மணிக்குள், மருத்துவர் சொன்னபடியே உண்ணுங்கள். கீமோ ஏற்றிக்கொண்டபின் 100.4 டிகிரி காய்ச்சல் கண்டால் மட்டும், நள்ளிரவேயானாலும் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.