வீட்டில் ஒரு டி.ஜே.! செட் வாங்கும் முன் காதைக் கொஞ்சம் கவனியுங்கள்

"அம்மா, அப்பாகிட்ட நீயே சொல்லும்மா... ஒரு டி.ஜே. செட் வாங்கிக் கொடுத்துட்டா போதும். ரெண்டே கல்யாண சீஸன்ல போட்ட காசை எடுத்துடுவேன்!"

காலேஜ் போகிற பிள்ளை இருக்கும் பல வீடுகளில் இன்று கேட்கிற வசனம் இது. முன்பெல்லாம் கிடார் கேட்டார்கள், கீபோர்டு கேட்டார்கள். இப்போது கல்யாண ரிசப்ஷன், பிறந்த நாள், அபார்ட்மென்ட் பொங்கல் விழா என்று எங்கே போனாலும் ஒரு டி.ஜே. நிற்கிறார். பிள்ளைக்கும் ஆசை வருவது இயல்புதானே!

"அதெல்லாம் வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் தட்டிவிடாதீர்கள். அதே சமயம், "எது பெரிசோ அதையே எடுத்துக்கோ" என்று பணத்தை எண்ணிக் கொடுத்துவிடவும் வேண்டாம். ஏன் தெரியுமா? அந்த செட்டுக்குப் பக்கத்தில் அதிக நேரம் நிற்கப் போவது உங்கள் பிள்ளைதான். விருந்துக்கு வந்தவர் அரை மணி நேரம் ஆடிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். டி.ஜே. நாலு மணி நேரம் அங்கேயே நிற்க வேண்டும். அதுவும் வாரா வாரம்!

ஸ்பீக்கர் கோன் கிழிந்தால் மாற்றிக் கொள்ளலாம். ஆம்ப்ளிஃபயர் புகைந்தால் ரிப்பேர் பண்ணலாம். காது போனால்..?

காதுக்குள் நடப்பது என்ன?

நம் உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் மெல்லிய முடி முளைத்தது போன்ற நுண்ணிய செல்கள், ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000. சத்தத்தின் அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புவது இவைதான். அளவுக்கு மீறிய சத்தத்தை ரொம்ப நேரம் கேட்டால் இவை களைத்துப் போகும். தொடர்ந்து கேட்டால் செத்துப் போகும். மனிதனுக்கு இவை மறுபடி முளைப்பதில்லை.

சத்தத்தை டெசிபல் கணக்கில் அளக்கிறார்கள். 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்பது தொழிற்சாலைகளுக்காக அமெரிக்க நிபுணர்கள் வகுத்த அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிஷம்! பார்ட்டிகளும் இசை நிகழ்ச்சிகளும் நடக்கும் இடங்களில் சராசரிச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வரையறை வெளியிட்டது. அது வந்து போகிற ரசிகருக்கு. அங்கேயே நிற்கிற டி.ஜே.வுக்கு அதுவே அதிகம்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பலாம், வாங்க!

வாட்ஸ் என்னும் மாயமான்

சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் கடைத்தெருவிலோ ஏறி இறங்கினால் முதலில் காதில் விழுவது, "சார், இது ரெண்டாயிரம் வாட்ஸ்!" என்பதுதான். மயங்காதீர்கள். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் 'பீக்', அதாவது கண் சிமிட்டும் நேரத்துக்குத் தாங்கும் உச்சக் கணக்கு. தொடர்ந்து எவ்வளவு தரும் என்பதைச் சொல்வது 'ஆர்.எம்.எஸ்.' வாட்ஸ். அதை மட்டும் கேளுங்கள். கடைக்காரர் சொல்லத் தயங்கினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

வாட்ஸைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. அதன் பெயர் 'சென்சிடிவிட்டி'. ஒரே ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதுதான் அது. ஒரு ஸ்பீக்கர் 90, இன்னொன்று 96 என்று வைத்துக் கொள்ளுங்கள். முதல் ஸ்பீக்கருக்கு 400 வாட்ஸ் கொடுத்தால் வருகிற சத்தம், இரண்டாவதுக்கு 100 வாட்ஸிலேயே வந்துவிடும். வித்தியாசம் வெறும் ஆறு டெசிபல், மிச்சமாவது முக்கால்வாசி கரண்ட்!

சரி, எவ்வளவு போதும்?

நூறு பேர் கூடும் மினி ஹாலை எடுத்துக் கொள்வோம். 96 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள 12 இஞ்ச் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. ஒவ்வொன்றுக்கும் 500 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். ஆம்ப்.

பாட்டு ஒரே சீராக ஓடுவதில்லை. டிரம் அடி விழும்போது குபீரென்று ஏறும், பிறகு இறங்கும். சராசரியில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 50 வாட்ஸ்தான் செலவாகும். மீதியெல்லாம் அந்த உச்ச அடிகளுக்காக வைத்திருக்கும் இடம். இந்த 50 வாட்ஸுக்கே ஒரு மீட்டர் தூரத்தில் 113 டெசிபல் வரும். தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபல் குறையும். ஆக, எட்டு மீட்டர் தள்ளி 95. ஜோடியாகப் பாடும்போது 98! சுவர்களில் பட்டுத் திரும்புகிற சத்தம் வேறு இதோடு சேரும்.

பார்த்தீர்களா? உலக சுகாதார நிறுவனம் சொன்ன எல்லையை ஒரு ஜோடி நல்ல 12 இஞ்ச் ஸ்பீக்கரே எட்டிவிடுகிறது. ஆரம்பத்திலேயே லாரியில் ஏற்றும் அளவுக்கு வாங்கி என்ன பண்ணப் போகிறோம்?

ஆம்ப் உள்ளேயா, வெளியேயா?

ஆம்ப்ளிஃபயரை உள்ளேயே வைத்து வருவது 'ஆக்டிவ்' ஸ்பீக்கர். தனியாக ஆம்ப் வாங்கி இணைக்க வேண்டியது 'பாஸிவ்'.

புதிதாகத் தொடங்குகிற பிள்ளைக்கு ஆக்டிவ்தான் நல்லது. எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை வாட்ஸ் என்கிற பொருத்தத்தைத் தயாரித்தவரே பார்த்துவிடுகிறார். சத்தம் எல்லை மீறினால் தானாக அடக்கும் 'லிமிட்டர்' பெரும்பாலானவற்றில் உண்டு. வயர் குழப்பமும் குறைவு.

பாஸிவ்தான் வேண்டும் என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, ஆம்ப்பின் சக்தி ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ். அளவைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்கலாம். "சின்ன ஆம்ப்தான் ஸ்பீக்கருக்குப் பாதுகாப்பு" என்பது தவறான நம்பிக்கை. சக்தி போதாத ஆம்ப்பை முழுசாகத் திருகினால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும். இதற்கு 'கிளிப்பிங்' என்று பெயர். சின்ன ட்வீட்டர்கள் கருகிப் போவது பெரும்பாலும் இதனால்தான். பெரிய ஆம்ப் என்றாலும் சிவப்பு விளக்கு எரிய விடக் கூடாது!

இரண்டாவது, 'ஓம்ஸ்'. 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் இரண்டை ஒரே சானலில் பக்கவாட்டில் இணைத்தால் 4 ஓம்ஸ் ஆகிவிடும். நாலை இணைத்தால் 2 ஓம்ஸ். அத்தனை குறைவை எல்லா ஆம்ப்பும் தாங்காது. எது வரை தாங்கும் என்று ஆம்ப்பின் முதுகிலேயே எழுதியிருப்பார்கள். படித்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.

சப்-வூஃபர் எப்போது?

நெஞ்சில் 'தும் தும்' என்று மோதுகிற அடிக்குரல் ஒலிக்குத் தனிப் பெட்டி சப்-வூஃபர். சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சங்கதி எல்லாம் இதன் வேலை. அந்தச் சுமையை இது வாங்கிக்கொள்வதால் மேலே உள்ள ஸ்பீக்கர்கள் திணறாமல் தெளிவாகப் பாடும். இந்தப் பங்கீட்டைச் செய்வது 'கிராஸ் ஓவர்'. ஆக்டிவ் சப்-வூஃபர்களில் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும்.

நம் காதுக்கு அடிக்குரல் ஒலி கொஞ்சம் மந்தமாகத்தான் கேட்கும். அதனால் சப்-வூஃபருக்கு மற்றவற்றைவிடக் கூடுதல் சக்தி தேவை. 15 அல்லது 18 இஞ்ச் சப் ஒன்று போதும். இரண்டு இருந்தால் ஆளுக்கொரு மூலையில் வைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஹால் முழுக்கச் சீராகக் கேட்கும்.

ஆனால் முதல் நாளே இது வேண்டாம். முதலில் ஒரு ஜோடி ஸ்பீக்கர். நாலைந்து நிகழ்ச்சி முடியட்டும். சப்பை வாடகைக்கு எடுத்துப் பார்க்கட்டும். பிறகு வாங்கலாம். வீட்டில் பழகும்போது சப் வேண்டவே வேண்டாம். அந்த ஒலி சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். பக்கத்து ஃபிளாட் தாத்தாவின் தூக்கத்துக்கு யார் பொறுப்பு?

வைக்கிற விதத்தில் இருக்கிறது விஷயம்!

ஸ்பீக்கரைத் தரையில் வைத்தால் முன்வரிசைக் குழந்தையின் காதில் அறையும், பின்வரிசைக்குக் கேட்காது. "இன்னும் கூட்டுப்பா" என்பார்கள். இவனும் கூட்டுவான். அதனால் ஸ்டாண்ட் கட்டாயம். ஆடுகிறவர்களின் தலைக்கு மேலே ஸ்பீக்கரின் வாய் இருக்க வேண்டும். ஸ்டாண்டின் கால்களை நன்றாக விரித்து, மணல் மூட்டை வைத்துவிட்டால் யாரும் இடறித் தள்ளிவிட முடியாது.

டி.ஜே. நிற்கும் மேஜை எப்போதும் ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் இருக்கட்டும். முன்னால் நின்றால் சத்தம் நேராக அவர் காதுக்குத்தான்!

கரண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது

சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் சுமார் 1,380 வாட்ஸ் வரைதான் எடுக்கலாம். 16 ஆம்பியர் பிளக் என்றால் சுமார் 3,680. லைட், புகை மெஷின் எல்லாவற்றையும் ஒரே பிளக்கில் சொருகினால் வயர் சூடாகும்.

ஸ்பீக்கரில் 'ஊம்ம்' என்று ஒரு சத்தம் வந்தால் சிலர் பிளக்கின் எர்த் காலை உடைத்துவிடுவார்கள். இதை மட்டும் உங்கள் பிள்ளை ஒருக்காலும் செய்யக் கூடாது. அது உயிருக்கு உலை! ஸ்பீக்கர், மிக்ஸர் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுத்து, 'எக்ஸ்.எல்.ஆர்.' கேபிளில் இணைத்தாலே பெரும்பாலும் அந்த இரைச்சல் போய்விடும். கையோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்திய போர்டு ஒன்றை எலெக்ட்ரீஷியனிடம் செய்து வாங்கிக் கொடுங்கள். கசிவு ஏற்பட்டால் அந்த நொடியே கரண்டைத் துண்டித்துவிடும்.

சட்டமும் பார்க்கிறது

மத்திய அரசின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பதுதான் அளவு. ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் போடக் கூடாது. விழா நாட்களில் மாநில அரசு 12 மணி வரை தளர்த்தலாம். அதுவும் வருஷத்தில் 15 நாட்களுக்கு மேல் கிடையாது. நிகழ்ச்சியை ஒப்புக்கொள்ளும்போதே, "பத்து மணிக்கு நிறுத்திடுவேன் அங்கிள்" என்று சொல்லிவிடப் பழக்குங்கள்.

பட்ஜெட்டில் மறக்கக் கூடாத ஐட்டம்

செட் வாங்கும் அன்றே 'மியூசிஷியன் இயர் பிளக்' ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். பாட்டின் தெளிவைக் கெடுக்காமல் 15 முதல் 20 டெசிபல் வரை சீராகக் குறைக்கும். "பஞ்சு வெச்சுக்கறேன்" என்றால் விடாதீர்கள். பஞ்சு இந்தச் சத்தத்தைத் தடுக்காது.

அடுத்த பாட்டை ஹெட்போனில் கேட்டுத் தயார் செய்வது டி.ஜே. வேலையில் ஒரு பகுதி. வெளிச் சத்தத்தை ஜெயிக்க ஹெட்போனை ஏற்றிக்கொண்டே போவார்கள். வெளியில் குறைத்தால் ஹெட்போனிலும் தானாகக் குறையும். மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் வெளியே காற்றாட நின்றுவிட்டு வரட்டும்.

வீட்டுக்கு வந்தபின் காதில் 'கொய்ங்' என்று ரீங்காரம் கேட்கிறதா, பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறதா என்று விசாரியுங்கள். அது காது போடும் முதல் கூச்சல். பாட்டி சொன்னாளே என்று எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள்! அமைதியாக ஓய்வு கொடுங்கள். மறுநாளும் தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே ஓடுங்கள். அதற்கான மருந்து சீக்கிரம் ஆரம்பித்தால்தான் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

தொழிலில் இறங்கும் முன் ஒரு தடவை, அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை 'ஆடியோகிராம்' எடுத்துவிடுங்கள். சத்தத்தால் வருகிற பாதிப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் முதலில் தலைகாட்டும். ஆளுக்குத் தெரியவே தெரியாது. கூட்டத்தில் பேசுவது மட்டும் சரியாகப் புரியாது. டெஸ்ட் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கடைசியாக ஒரு டெஸ்ட்

வாங்கப் போகும் நாளில் பிள்ளைக்குத் தெரிந்த பாட்டு ஒன்றை பென் டிரைவில் கொண்டு போங்கள். ஸ்பீக்கருக்கு எதிரே கை நீட்டும் தூரத்தில் நீங்களும் அவனும் நின்று, சாதாரணக் குரலில் பேசிப் பாருங்கள். கத்தினால்தான் கேட்கும் என்கிற நிலை வரும்போது நிறுத்தச் சொல்லுங்கள். அந்த அளவில் பாட்டு கரகரக்காமல், ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் கேட்கிறதா? அதுதான் நல்ல செட். அதை வாங்கிக் கொடுங்கள்.

பையன் பெரிய டி.ஜே. ஆகட்டும். ஐம்பது வயதிலும் தன் பேரக் குழந்தையின் மழலையைக் காது குளிரக் கேட்கிற டி.ஜே. ஆகட்டும்!