தாலி இல்லாத வீடுகள் – 7: வில் கொடுத்தவரே தந்தை

ஊட்டியைச் சுற்றியுள்ள புல்வெளிகளில் தோடர் பழங்குடியினரின் மந்துகள் எனும் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கே ஒரு பெண் ஏழாவது மாதக் கர்ப்பத்தை எட்டியதும் சொந்தபந்தம் கூடி ஒரு மரத்தடிக்குப் போகும். மரத்தின் அடியில் சிறு மாடம்போல் செதுக்கி விளக்கு வைப்பார்கள். குச்சியை வளைத்துச் செய்த சிறு வில்லையும் புல்லால் ஆன அம்பையும் கணவன் அவளிடம் நீட்டுவான். வில்லின் பெயர் என்ன என்று அவள் கேட்பாள். குலத்துக்குக் குலம் வில்லின் பெயர் வேறு. தன் குலத்துப் பெயரை அவன் சொல்வான். அவள் வில்லை நெற்றியில் ஒற்றிக்கொண்டு விளக்கைப் பார்த்தபடி நிற்பாள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு அப்பா யார் என்ற கேள்வி அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

இதை விரிவாக எழுதி வைத்தவர் பிரிட்டிஷ் மானுடவியலாளர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். 1901-02ல் நீலகிரிக்கு வந்தார். அப்போது தோடர்கள் ஏறக்குறைய 800 பேர்தான். 1906ல் அவருடைய நூல் வெளிவந்தது. அண்ணன் தம்பிகள் ஒரே பெண்ணோடு குடித்தனம் நடத்திய காலம் அது. பெரும்பாலும் மூத்தவன் வில் கொடுப்பான். அடுத்தடுத்துப் பிறக்கும் பிள்ளைகளுக்கும், வேறொருவன் வில் கொடுக்கும் வரை, அவனே தந்தை. அவன் செத்துப்போனாலும் இந்தக் கணக்கு மாறாது என்று ரிவர்ஸ் குறித்திருக்கிறார். பல கணவர் முறை மறைந்துவிட்டது. வில் அம்பு சாஸ்திரம் இன்றும் நடக்கிறது.

இதில் வியக்க வேண்டியது ஒன்று. ரத்தம் யாருடையது என்று அந்தச் சமூகம் துருவவில்லை. பிள்ளை ஒரு குலத்தின் பெயரோடு, எருமை மந்தையில் பங்கோடு பிறக்க வேண்டும் என்பதையே பார்த்தது.

இந்திய அரசின் சட்டமும் தோடர்களின் வழியில் குறுக்கிடவில்லை. 1955ன் இந்து திருமணச் சட்டம், மத்திய அரசு தனியாக அறிவித்தாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது; 1956ன் வாரிசுரிமைச் சட்டமும் அப்படியே. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு குடிகளும் நீலகிரியில் வாழ்கிறார்கள். அவர்களுக்கு வழக்கமே சட்டம்.

சில கிலோமீட்டர் இறங்கினால் தேயிலைச் சரிவு. அங்கே கதை வேறு. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து சேர்ந்தவர்களுக்காக 1968ல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது; அதுவே பிறகு டான்டீ எனும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. தலைமுறைகளாக இடம்பெயர்ந்த உழைப்பாளிகள் வாழும், லயன் எனப்படும் வரிசை வீடுகளில் எல்லாக் குடித்தனமும் பத்திரிகை அடித்துத் தொடங்கியதல்ல. கோயில் வாசலில் மாலை மாற்றியதோடு முடிந்த கல்யாணம் உண்டு. விட்டுப்போன முதல் துணைக்குப் பிறகு, விவாகரத்து வாங்காமலே அமைந்த இரண்டாவது வாழ்க்கை உண்டு. சாதியோ மதமோ குறுக்கே நின்றதால் எந்தச் சடங்கும் இல்லாமல் சேர்ந்தவர்களும் உண்டு. ‘சேர்த்துக்கிட்டாங்க’ என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். ஆகாதவர்கள் ‘வச்சிருக்கான்’ என்பார்கள். முப்பது வருடம் கொழுந்து பறித்துப் பிள்ளைகளை வளர்த்த பெண்ணுக்கு அந்த ஒரு சொல் போதும், நெஞ்சு நொறுங்க.

இவர்களில் ஒரு பகுதியினர் சட்டப்படி தம்பதிகளே. அது அவர்களுக்கே தெரியாது. 1967ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது நிறைவேறிய திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்ந்தது. உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும், அது தமிழ்நாட்டில் செல்லுபடியாகும் திருமணம். புரோகிதர் தேவையில்லை.

அதுவும் நடக்காதவர்கள் என்ன செய்வது? 1978ல் பத்ரி பிரசாத் வழக்கில் சுமார் ஐம்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த இருவரைப் பற்றிய கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு கல்யாணத்துக்குச் சாட்சி கொண்டுவா என்றால் எத்தனை பேரால் முடியும் என்ற நியாயத்தை ஏற்று, அவர்களைக் கணவன் மனைவியாகவே நீதிமன்றம் அனுமானித்தது. இல்லை என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 1994ல் தமிழ்நாட்டிலிருந்து போன பாலசுப்ரமணியம் வழக்கிலும் இதே அனுமானம் பிள்ளைகளின் பிறப்புரிமையைக் காத்தது.

கேரளத்தின் கட்டுக்கண்டி வழக்கு இன்னும் தெளிவானது. தாமோதரனும் சிருதக்குட்டியும் நெடுங்காலம் ஒன்றாக வாழ்ந்தவர்கள். குடும்பச் சொத்தில் அவர்கள் மகன் பங்கு கேட்டார். விசாரணை நீதிமன்றம் கொடுத்தது. பெற்றோரின் கல்யாணத்துக்கு ஆதாரம் இல்லை என்று 2009ல் உயர் நீதிமன்றம் மறுத்தது. 2022 ஜூன் 13 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து மகனின் பங்கை மீட்டுக் கொடுத்தது.

ஆனால் இந்த அனுமானத்துக்கு ஒரு சுவர் உண்டு. இருவரில் ஒருவருக்கு ஏற்கெனவே உயிரோடு சட்டபூர்வமான துணை இருந்தால் அது நிற்காது. மலைக்குக் கீழே கோயம்புத்தூரில் நடந்த வேலுசாமி - பச்சையம்மாள் வழக்கு இதற்குச் சாட்சி. 1986ல் மணந்தேன் என்று பெண் சொன்னார். தனக்கு 1980லேயே கல்யாணம் ஆகிவிட்டது என்றார் ஆண். பெண்ணுக்கு மாதம் 500 ரூபாய் ஜீவனாம்சம் தரச் சொன்ன உத்தரவு 2010ல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. மறுபடி விசாரிக்கத் திருப்பி அனுப்பப்பட்டது. ஐநூறு ரூபாய்க்கு டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

பிள்ளைகளின் நிலை ஓரளவு மேல். செல்லாத திருமணத்தில் பிறந்தவர்களுக்கும் பெற்றோரின் சொத்தில் உரிமை உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில் தந்தைக்கு வரும் பங்கிலும் உண்டு என்று 2023 செப்டம்பர் 1 அன்று ரேவணசித்தப்பா வழக்கில் தீர்ப்பானது. மற்ற உறவினரின் சொத்தை அவர்கள் கேட்க முடியாது. தாய்க்கு அந்த அளவு துணைகூட இல்லை. இந்தச் சமனின்மை பெரிய அநீதி.

தோட்டத் தொழிலாளியிடம் பங்கு போட நிலமா இருக்கிறது? பி.எஃப்., கிராஜுவிட்டி, பென்ஷன், இவ்வளவுதான். பி.எஃப். விதிப்படி குடும்பம் உள்ளவர் குடும்பத்தாரின் பேருக்கே நாமினேஷன் எழுத முடியும். ஊரில் விவாகரத்து ஆகாத முதல் மனைவி இருந்தால், லயனில் கூடவே வாழ்ந்தவள் பேரில் எழுதிய நாமினேஷன் செல்லாது. சுயமாகச் சம்பாதித்த மற்ற பொருளை உயில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம். இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயமில்லை.

கட்டுக்கண்டி மகனுக்குக் கைகொடுத்தவை, தகராறு கிளம்புவதற்கு வெகுகாலம் முன்பே எழுதப்பட்ட காகிதங்கள். தந்தை பெயர் பதிந்த அவருடைய ராணுவப் பணி ஆவணம் அவற்றில் ஒன்று. லயன் வீட்டுத் தகரப் பெட்டியிலும் அப்படிப்பட்டவை கிடக்கும்: ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், பிரசவ வார்டு சீட்டு, திருவிழாவில் எடுத்த போட்டோ. இருவரும் உயிரோடு இருக்கும்போதே அவற்றை ஒரு பையில் எடுத்து வையுங்கள். சட்டத் தடை எதுவும் இல்லாதவர்கள் எத்தனை வயதானாலும் திருமணத்தைப் பதியச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள்.

(தொடரும்)