அழகுக்காகச் சுமந்த வலி!

செங்கல்பட்டிலிருந்து தினமும் மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய் வருபவள் நான். மாதம் ஒருமுறை கோவைக் கிளைக்கும் போக வேண்டும். பத்து ஆண்டுகளாக வலது தோளில் ஒரு தோல் பை. லேப்டாப், சார்ஜர், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், குடை, வரும் வழியில் வாங்கும் காய்கறி எல்லாம் அதில்தான்.

போன வருடம், மகளுக்குத் தலை பின்னக் கையைத் தூக்கினால், தோளிலிருந்து விரல் நுனி வரை சுரீரென்று இழுக்க ஆரம்பித்தது. "அம்மா, ஜடை கோணலா இருக்கு" என்று அவள் அழ, பிறகு மாமியார்தான் பின்னிவிட்டார். தைலம், மாத்திரை எதற்கும் வலி அடங்கவில்லை. கடைசியில் போன பிசியோதெரபி நிலையத்தில் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, "பை எத்தனை கிலோம்மா?"

எனக்குத் தெரியவில்லை. பழைய பேப்பர்காரர் வந்தபோது, அவர் தராசில் மாட்டிப் பார்த்தேன். 6.5 கிலோ! பள்ளிப் பை, பிள்ளையின் உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020-ல் மத்திய அரசின் கொள்கையே வந்தது. அதைச் சொல்லி மகளின் பள்ளியில் சண்டை போட்டவள் நான். என் பையை ஒரு நாளாவது எடை போட்டேனா?

"ஒரே தோளில் பாரம் தொங்கினால், உடம்பு சாயாமலிருக்கக் கழுத்தும் தோளும் நாள் முழுக்க இழுத்துப் பிடிக்கும். இரண்டு தோளிலும் மாட்டுங்கள், எடையையும் குறையுங்கள்" என்றார் அவர்.

"புடவை கட்டிக்கிட்டு, ஸ்கூல் பிள்ளை மாதிரி முதுகுல மூட்டையா?" என்று மாமியார் சிரித்தார். எனக்கும் கூச்சம்தான். பிளாட்பாரக் கடையில் மலிவாக ஒன்று வாங்கினேன். இரண்டே மாதத்தில் பட்டைத் தையல் விட்டுப் போய், ரயில் நிலையப் படிக்கட்டிலேயே விழுந்தது. சாம்பார் முழுக்க லேப்டாப் மேல்!

அடுத்த முறை உஷாரானேன். லேப்டாப், டிபன் பாக்ஸ், நிரப்பிய பாட்டில் எல்லாவற்றையும் கடைக்கே எடுத்துப் போய், பையில் அடுக்கி, முதுகில் மாட்டி, கடைக்குள் நடந்து பார்த்தேன். "இப்படி யாரும் பார்த்ததில்லக்கா" என்றார் கடைப் பையன். பரவாயில்லை என்று பார்த்துத்தான் வாங்கினேன்.

நான் கவனித்தவற்றைச் சொல்கிறேன். பட்டை அகலமாக, உள்ளே பஞ்சு வைத்ததாக இருக்க வேண்டும். அது பையோடு சேரும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓடியிருக்க வேண்டும். மார்புக்குக் குறுக்கே மாட்டும் சிறு பட்டை இருந்தால் தோளிலிருந்து நழுவாது. லேப்டாப் அறை முதுகை ஒட்டி, அடிப்பாகம் தரையில் இடிக்காதபடி இருக்க வேண்டும். பாட்டிலுக்குத் தனி இடம் வெளியே வேண்டும். பின்பக்கம் குறுக்குப் பட்டை இருந்தால், கோவை போகும்போது சக்கரப் பெட்டியின் கைப்பிடியில் கோத்துவிடலாம். 25 லிட்டர் கொள்ளளவே தாராளம். பெரிதாக வாங்கினால் கண்டதையும் திணிக்கத்தான் தோன்றும்.

முந்தானை மடிப்பைப் பின் குத்திவிட்டு மாட்டினால் புடவை கசங்காது. கூட்டத்தில் பையை முன்பக்கம் போட்டுக் கொள்வேன். பர்சும் பத்திரம், பின்னால் நிற்பவருக்கும் இடி இல்லை. தண்ணீரை அரை லிட்டராக்கி, ஆபீசில் நிரப்பிக் கொள்கிறேன். அதிலேயே அரை கிலோ மிச்சம்! இப்போது பை 4 கிலோதான்.

பயிற்சியும் விடாமல் செய்தேன். நாலு மாதத்தில் வலி அடங்கியது. இப்போது மகளுக்கு நானேதான் ஜடை பின்னுகிறேன். போன வாரம் மாமியார் மெதுவாகக் கேட்டார், "மார்க்கெட் போக எனக்கும் இப்படி ஒண்ணு கிடைக்குமா?"

தோழிகளே, புடவைக்குப் பொருத்தமா என்று பார்ப்பது இருக்கட்டும். முதலில் உங்கள் பையை ஒருமுறை தராசில் வையுங்களேன்!

— ஒரு வாசகி, செங்கல்பட்டு.