கயிறு பிடிக்கும் கை

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல் கரையில் நின்று முத்துக்குளிப்பை எண்ணிப் பார்ப்போருக்கு, முத்தெடுத்தவரே நினைவுக்கு வருவார். தோணியில் கயிற்றைப் பிடித்திருந்தவரை நாம் மறந்துவிடுகிறோம். கல்லின் துணையால் ஆழத்தில் இறங்கியவர் கயிற்றை அசைத்ததும் மேலே இழுக்க வேண்டியவர் அவர். கணநேரக் கவனக்குறைவும் ஓர் உயிரைப் பறித்துவிடும். ஆகவே அக்கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடமே கொடுப்பர் என்று இக்கரையில் சொல்வதுண்டு. தன் சகோதரி விதவையாவதை எவன் பொறுப்பான்?

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. ஆனால் கயிறு பிடிக்கும் வேலை இன்று வேறு வடிவில் வந்திருக்கிறது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் தூத்துக்குடி சிப்காட் வளாகத்தில் 400 ஏக்கரில் அமைத்த மின்சாரக் கார் ஆலை, 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. அதன் தொடக்கத் திறன் ஆண்டுக்கு 50,000 கார்கள். இத்தகைய நவீன ஆலைகளில் பற்றவைப்பு, வண்ணம் பூசுதல் போன்ற பணிகளை இயந்திரக் கைகள் செய்கின்றன. அவற்றின் இயக்கத்தை வகுத்துக் கொடுப்பவரே கட்டுப்பாட்டுப் பொறியாளர்.

தானியங்கிக் கருவி நமக்கு அந்நியமன்று. 9ஆம் நூற்றாண்டிலேயே பக்தாதின் பனூ மூஸா சகோதரர்கள் அதுபற்றி நூல் இயற்றினர். இன்றைய பொறியாளர் கையாள்வது 'பி.எல்.சி.' எனும் சிறு கணினி. 1960களின் இறுதியில் அமெரிக்கக் கார் ஆலைகளின் தேவைக்காக அது உருவானது. அதற்குமுன் காரின் வடிவம் மாறினால், கட்டுப்பாட்டுப் பெட்டியின் கம்பிகளையெல்லாம் கழற்றி மாட்ட வேண்டும். இப்போது நிரலை மாற்றினால் போதும். உணரிகள் தரும் செய்தியைப் படித்து, முடிவு செய்து, மோட்டாருக்குக் கட்டளையிடும் வேலையை ஒரு நொடிக்குள் பலமுறை அது செய்து முடிக்கிறது.

ஆயினும், ஓட்டுவதைவிட நிறுத்துவதே இத்தொழிலின் முதற்பாடம். அவசர நிறுத்தத்துக்கான சிவப்புப் பொத்தானின் கம்பியில் எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்தினால் அது தடைப்படும், இயந்திரம் நிற்கும். உப்புக்காற்றில் துருவேறிக் கம்பியே அறுந்தாலும் இயந்திரம் நின்றுவிடும். பழுது நேர்ந்தாலும் அது மனித உயிருக்குச் சாதகமாகவே முடிய வேண்டும் என்பது விதி.

மற்றொரு விதியும் உண்டு. இயந்திரத்தினுள் நுழைபவர் மின் இணைப்பைத் துண்டித்து, அவ்விசையில் தமது பூட்டைப் பூட்டி, சாவியைத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வெளியூர் ஆலையொன்றில் இப்பணியில் இருக்கிறார். ஓர் இரவு உற்பத்தி தடைப்பட்டது. "பூட்டியவர் வீட்டுக்குப் போயிருப்பார், உடைத்துவிட்டு ஓட்டு" என்று மேலதிகாரி அவசரப்படுத்தினாராம்.

"நான் மறுத்துவிட்டேன், ஹஜ்ரத். விளக்குடன் உள்ளே போய்த் தேடினேன். உருளைகளுக்குப் பின்னால் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார் அந்த மனிதர்" என்றார் அவர்.

கலைப்பட்டம் பெற்ற எனக்கு நிரல் புரியாது. அந்தச் சாவி எத்தகைய அமானிதம் என்பது புரிந்தது.

பெற்றோர்களே! மின்னியல், மின்னணுவியல், கருவியியல் ஆகியவற்றில் ஐ.டி.ஐ., டிப்ளமா, பட்டம் என எதைப் பயின்றாலும் இத்துறைக்கு வழி உண்டு. ஆலை ஓயும் விடுமுறை நாட்களில்தான் இவர்களுக்கு வேலை மிகுதி. இரவு விழிப்பும் உண்டு. பிள்ளைகளுக்குக் கணிதத்தையும் இயற்பியலையும் ஊன்றிக் கற்பியுங்கள். அவசரப்படுத்துவோரிடம் 'முடியாது' என்று சொல்லும் துணிவையும் கற்பியுங்கள். கயிறு அவர்கள் கையில் இருக்கும். மறுமுனையில் ஒருவர் இருப்பார்.